கோழிக்கூட்டுக் கடுதாசி

பித்தளை அச்சு அன்றைக்குப் பவுனம்மாள் வீட்டு முறை.

ப்ரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைனில் இருபத்திரண்டு வீடுகள். பாவுலு சுடுகிற அச்சு மட்டும் ஒன்றே ஒன்று. அது இராஜம்மாவுடையது. மலாக்காவிலிருந்து வந்த நியோன்யாச் சீனத்தி ஒருத்தி வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போனாளாம். உள்ளே ஏழு குழி. மூன்று மீன், நான்கு பூ. முட்டையும் சீனியும் மாவும் அடித்து அதில் ஊற்றி, அடியில் தணலும் மூடிமேல் தணலும் வைத்துச் சுட வேண்டும். ஊர்ப்பக்கம் இல்லாத பலகாரம். ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதிரசத்தைவிட அதுதான் தீபாவளி. எட்டு நாளைக்கு முன்னாலேயே அச்சு புறப்பட்டு, சாமி ஊர்வலம் வருகிற மாதிரி வீடு வீடாக வந்துகொண்டிருக்கும்.

இரண்டு தீபாவளியாக அது பவுனம்மாள் வாசலில் நிற்காமலே போயிற்று. முந்தின வருஷம் அவள் புருஷன் அய்யாவுவின் பெரியப்பா ஊரில் போய்ச் சேர்ந்தார். பங்காளிச் சாவு, வருஷம் திரும்பும்வரை வாணலி வைக்கக் கூடாது. போன வருஷம் எட்டு மாதக் கைப்பிள்ளை காய்ச்சலில் போயிற்று. அதற்குப் பிறகு வாணலியைத் தொட அவளுக்கே கை வரவில்லை. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளைகள் பிறத்தியார் தட்டில் வந்ததைத் தின்றுவிட்டு, ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து மற்ற வாசல்களில் தொங்கிய விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வீடு மெயிலு நிக்காத டேசனாம்மா?" என்று பாலன் போன தீபாவளியன்று கேட்டான். அப்போது அவனுக்கு ஏழு வயசு. கேட்டவன் மறந்துவிட்டான். அவளுக்கோ அது மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றுகொண்டது.

ஆகவே இந்த வருஷம் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். கோழிகள் இட்ட முட்டையில் ஒன்றைக்கூடக் குழம்பில் போடவில்லை. உமிக்குள் புதைத்து வைத்தாள். பால் டின்களைக் கழுவிச் சேர்த்தாள். அவற்றுக்குள் ஈர மணலை இறுக்கி அடைத்து, ஆணியால் குத்தி ஓட்டை போட்டால் டின் நசுங்காது; அப்புறம் மணலைக் கொட்டிவிட்டு மெழுகுவத்தி வைத்தால் ஓட்டை வழியே வெளிச்சம் கோலம் போடும். மூத்தவள் சந்திரகலா மயில் குத்தினாள். பாலன் எஞ்சின் குத்தினான், புகை உட்பட. ஐந்து வயசு பாக்கியம் கண்ட இடத்தில் குத்திவிட்டு, "இது மழ" என்றாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. அய்யாவு காலையிலேயே யார்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். பின்கட்டில் பவுனம்மாளும் சந்திரகலாவும் மண்சட்டியில் முட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே பக்கமாச் சுத்துடி. வலது பக்கமுன்னா வலது பக்கந்தான்."

"மாத்திச் சுத்துனா என்னாவாம்?"

"எந்திரிக்காது. குப்புறப் படுத்துக்கும். அடிக்கிறப்ப சண்டையும் போடக் கூடாது."

"இராஜம்மா பெரியம்மாவும் அவங்க மருமவளும் சண்ட போட்டுக்கிட்டேதான் அடிச்சாங்க. பூரியாட்டம் எந்திரிச்சுதாமே."

"அது அவங்க அச்சு. அவங்க சொன்னாக் கேக்கும். நீ சுத்து."

பாலனும் பாக்கியமும் சிரட்டைக் கரி உடைத்தார்கள். பெரிய துண்டு அடுப்புக்கு, சின்னத் துண்டு மூடிக்கு. முழங்கை வரை கரி. மூக்கைத் துடைத்த இடமெல்லாம் கரி. வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் இரண்டும் எழுந்து ஓடின. முன்பக்கம் "விடுடி", "எனக்குத்தான் குடுத்தாரு" என்று இழுபறி. அன்றைக்கு அது நாலாவது சண்டை. பவுனம்மாள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"அம்மா, கடுதாசி! அரிசிப் பொட்டி மேல வெச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே பாலன் கரிக்குத் திரும்பினான்.

சீனி எடுக்க உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஊர்த் தபால்தலை. உறையின் இரண்டு பக்க முனைகளிலும் கரி.

கல்யாணம், காதுகுத்து என்று நல்ல சேதி சொல்லும் கடுதாசிக்கு முனையில் மஞ்சள் தடவுவார்கள். கரி தடவினால் ஒரே ஒரு சேதிதான். அதைப் படித்த கையோடு கிழித்தெறிந்துவிட்டுத் தலை முழுக வேண்டும். வீட்டுக்குள் வைக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

மாமனாருக்கு இருமல் முற்றிவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடுதாசி வந்திருந்தது. அன்றிலிருந்து அய்யாவு வேலைவிட்டு வந்து முகம் கழுவுமுன் கேட்பது ஒன்றுதான்: கடுதாசி வந்துச்சா?

பவுனம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. சந்திரகலாவைக் கூப்பிட்டால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். படித்தால் அவ்வளவுதான்: உமிக்குள் இருந்த முட்டை, எஞ்சின் குத்திய டின், எல்லாம். மெயில் மறுபடி நிற்காமல் போய்விடும்.

தூரத்துச் சாவுக்குச் சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதானே தீட்டு? பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். விழாதவரை வீட்டுக்காரருக்குத் தீட்டில்லை. கண்ணில் பட்டது எனக்குத்தான். கண்ணில் பட்டால் கணக்கா? அதை யாரும் சொன்னதில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது.

உறையை முந்தானை நுனியால் பிடித்து எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே போய், கோழிக்கூட்டின் அத்தாப்பு ஓலைக் கூரைக்குள் செருகினாள். அடைக்கோழி ஒன்று கழுத்தை நீட்டி அவளைப் பார்த்துக் கொக்கரித்தது.

"பாலா. பாக்கியம். இங்க வாங்க" என்று இருவரையும் இழுத்து நிறுத்தினாள். "கடுதாசி வந்ததப் பத்தி அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. நான் சொல்லிக்கிறேன். புரிஞ்சுதா?"

பாலன் தன் கைகளைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "சரிம்மா" என்றான், அவனுக்கில்லாத பணிவோடு.

முதல் ஈடு மேலே கருகியது. மூடியில் தணல் அதிகம். இரண்டாவது ஈடு நடுவில் வேகவில்லை. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் பொன்னாக வந்தது. மீனுக்குச் செதில் செதிலாகத் தெரிந்தது. அப்படிச் சரியாக வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கூட்டின வாசலைத் திரும்பக் கூட்டினாள். கோழி கத்தினால் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

பகல் சாயும்போது இராஜம்மா அச்சை வாங்க வந்தாள். ஒரு பூவை எடுத்து விண்டு வாயில் போட்டாள்.

"ஏண்டி பவுனு, ரெண்டு வருசம் விட்டுச் சுட்டும் இப்புடி எந்திரிச்சிருக்கு? எனக்கு இப்புடி வர நாலு வருசமாச்சு. கைராசிதான் லா."

"முட்ட நல்ல முட்டக்கா."

"முட்டையில என்னா இருக்கு. மனசுதான். ஏன் மூஞ்சி பேயடிச்சாப்புல இருக்கு?"

"அனலுக்கா. காலையிலேருந்து குந்தியிருக்கேன்."

"போதும், செத்தப் படு. அச்ச நல்லா வெளக்குனியா? கோவிச்சுக்காத. எல்லாருக்கும் குடுப்பேன், தீட்டு வூட்டுக்கு மட்டும் குடுக்கறதில்ல. மருமவ சீதா ஏழு மாசமா இருக்கா பாரு. மூணு வட்டம் கலைஞ்சு இப்பத்தான் நின்னுருக்கு. நாளைக்கு ஒன் தட்டு மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் வரணும். மீனு மீனுன்னு ஆசப்பட்டுக்கிட்டுக் கெடக்குறா."

பவுனம்மாள் அச்சைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தரம் விளக்கியிருந்தாள். "இருங்கக்கா" என்று வாங்கி நாலாவது தரமும் விளக்கிக் கொடுத்தாள். பித்தளை, நெருப்பில் கிடந்தது, நெருப்புக்கு ஏது தீட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அச்சுக்குச் சமாதானம் சொல்லியாயிற்று. சீதாலெட்சுமிக்கு என்ன சமாதானம் சொல்வது?

நாலு மணிக்கு மழை பிடித்தது. கோழிக்கூடு இருந்த பக்கம் சாரல். கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், நனையட்டும், எழுத்தெல்லாம் கரைந்து போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அய்யாவு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான். படியில் காலை வைக்கும்போதே கேட்டான்.

"கடுதாசி வந்துச்சா?"

"இல்லீங்க."

பாக்கியம் வாயைத் திறந்தாள். "அப்பா, வந்து..."

பவுனம்மாள் கையிலிருந்த மீன் பாவுலுவை அப்படியே அந்த வாய்க்குள் திணித்துவிட்டாள். குழந்தை கன்னம் உப்ப விழித்தது. அய்யாவு சிரித்தான்.

"ஏ புள்ள, மூச்சு முட்டப் போவுது. மொத்த மீனையும் ஒருத்தி வாயிலயே விடுறியே." தட்டிலிருந்து தானும் ஒன்றை எடுத்துக் கடித்தான். "ஆவட்டும். ரெண்டு வருசத்துக்குப் பொறவு வூட்டுல அடுப்பு வாசம் வருது. ஊருல எங்கப்பாருக்கும் ரெண்டு குடுத்தனுப்ப முடிஞ்சா எப்புடி இருக்கும்? இருமலுக்கு மெத்துன்னு எறங்கும்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முழுக்க வாணலி இறங்கவில்லை. முறுக்கு, அதிரசம், உளுந்து வடை. அந்த லைனில் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலமே தட்டுப் போக்குவரத்து தொடங்கிவிடும். சந்திரகலா சட்டைத் துணி மிச்சத்தில் ஓரம் தைத்துத் தட்டுக்கு ஒரு மூடுதுணியாக எட்டுத் துணி வைத்திருந்தாள்; ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுக்கென்று ஒரு பூ.

"மத்த வூட்டுக்கு நீங்க கொண்டுபோங்க. இராஜம்மா வூட்டுக்கு நான் போய்க்கிறேன்" என்று பவுனம்மாள் காலையிலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டாள். போவதாக அவளுக்கு எண்ணமில்லை. சட்டியில் கருகிவிட்டது, பூனை தூக்கிவிட்டது என்று ஏதாவது சொல்லிவிடலாம்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு வந்தாள். அடுக்களையில் தட்டுகள் ஏழுதான் இருந்தன.

"சந்திரா! எட்டாவது தட்டு எங்கடி?"

"பாக்கியமும் பாலனும் கொண்டுபோயிட்டாங்கம்மா. அந்தப் பக்கம் வெளையாடப் போனப்ப சீதாக்கா ஜன்னல்லேருந்து கூப்புட்டாங்களாம், மீனு எங்கடின்னு. நீங்க எதுக்கு ஈரத்தோட..."

அவள் ஓடினாள். ஈரப் புடவை காலைத் தடுக்க, கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்ட, பதினொரு வாசல் தாண்டி ஓடினாள். அரிசி இடித்துக்கொண்டிருந்தவர்கள் உலக்கையை நிறுத்தினார்கள். இராஜம்மா வீட்டு நிலைப்படியில் சீதாலெட்சுமி காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, மீனின் வாலைக் கடித்திருந்தாள்.

"துப்பு தாயி! துப்பிடு!"

பவுனம்மாள் தட்டைப் பிடுங்கினாள். முறுக்கும் மீனும் தரையில் சிதறின. சீதாலெட்சுமி மிரண்டு கையில் துப்பினாள்.

உள்ளேயிருந்து இராஜம்மா வந்தாள். "என்னாடி இது? குடுத்த கையாலயே புடுங்குற? என்னாடி போட்டுருக்க அதுல? சொல்லு! புள்ளத்தாச்சிக்கு என்னாடி குடுத்த?"

"ஒண்ணும் போடலக்கா. எங்க வூட்டுத் தீட்டுக்கா. எங்க வூட்ல தீட்டு."

"என்னா தீட்டு?"

வேலைவிட்டு வந்துகொண்டிருந்த அய்யாவு கூட்டத்தைப் பார்த்து எட்டி நடை போட்டு வந்தான். பவுனம்மாள் அவனைப் பார்த்தாள். இனி எதற்கும் இடமில்லை.

"நேத்து வந்துச்சுங்க. ஊருக் கடுதாசி. கரி தடவுன கடுதாசி. கோழிக்கூட்டுல வெச்சிருக்கேன். இன்னும் பிரிக்கல."

அய்யாவு தலைத்துணியை அவிழ்த்தான். மடித்தான். மழையில் ஊறிக் கிடந்த மண்ணில் அப்படியே உட்கார்ந்தான்.

இராஜம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முதலில் என்று தெரியாமல், மாரில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள். "என் சாமீ... கடல் தாண்டிப் புள்ளய அனுப்பிட்டுக் காத்துக் கெடந்தீங்களே..." அய்யாவுவின் அப்பாவை அவள் கண்ணால் பார்த்தது கிடையாது. இருந்தாலும் குரல் நன்றாக எழும்பியது. இன்னும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அதற்குள் பாலன் ஓடிப்போய்க் கடுதாசியோடு வந்தான். சாரலில் உறை ஊறியிருந்தது; ஒரு பக்கம் கோழி எச்சம். அய்யாவு அதைத் தொடவில்லை. பின்னாலேயே ஓடிவந்திருந்த சந்திரகலாவைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

அவள் உறையைக் கிழித்தாள். நனைந்தால் ஊதாவாகப் பரவும் பென்சிலால் எழுதியது. பாதி எழுத்து கசிந்து கிடந்தது.

"சி... சிரஞ்சீவி அய்யாவுக்கு... உன் தகப்பன்... சின்னையா..."

"படி ஆத்தா" என்றான் அய்யாவு, தரையைப் பார்த்தபடி.

"உன் தகப்பன் சின்னையா அநேக... ஆ... ஆசீர்வாதம்."

ஒப்பாரி பாதியில் நின்றது.

"யாரு ஆசீர்வாதம் சொல்றது?" என்று கேட்டாள் இராஜம்மா.

"தாத்தாதான் பெரியம்மா."

"செத்தவரா?"

"என் இருமல் தேவலைன்னு எழுதியிருக்காங்க. இங்க கரைஞ்சுபோச்சு... உன் தம்பிக்குப் புரட்டாசி மாசம் அஞ்சாந் தேதி ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது." சந்திரகலா தாளைத் திருப்பினாள். உள்தாளின் நாலு முனையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ஈரத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "புள்ள பொறந்தாலும் பங்காளிக்குத் தீட்டுத்தானே?"

"அது கப்பல்ல வர்றதுக்குள்ள கடல்லயே கரைஞ்சிருக்கும் அத்த" என்றாள் சீதாலெட்சுமி. குனிய முடியாமல் குனிந்து, தரையில் கிடந்த மீனை எடுத்து மண்ணை ஊதினாள். "இத எடுத்துக்கட்டுமாக்கா?"

"அப்ப வெளிய எப்புடிக் கரி?" பவுனம்மாள் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பாலன் தேம்பினான். "நாங்கதாம்மா. நானும் பாக்கியமும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்தோம். கரிக்கையோட. அப்பா அடிப்பாருன்னுதான நீங்க ஒளிச்சு வெச்சீங்க? நான் அப்படித்தான் நெனச்சேன்."

இப்போது லைன் முழுக்கச் சிரித்தது. அய்யாவுவும் எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டுப் பாலன் தலையில் ஒரு குட்டு வைத்தான், வலிக்காமல். பவுனம்மாளை மட்டும் பார்க்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வாசல் குறுக்குக் கம்பியில் டின் விளக்குகளைக் கட்டினான். பாக்கியம் கம்பி எடுத்துக் கொடுத்தாள். மயில், எஞ்சின், மழை. பிள்ளைகள் மெழுகுவத்தி எடுக்க உள்ளே போனதும் பவுனம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெசமா இருந்திருந்தா எப்பச் சொல்லியிருப்ப?" என்றான் திரும்பாமலே.

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாகச் சொன்னதில் வாய் ஓய்ந்திருந்தது.

"தீவாளி கழிச்சு."

"என் தலையில எண்ண வெச்சிருப்ப."

"ம்."

"எலையப் போட்டுக் கறிச்சாறு ஊத்தியிருப்ப."

அவள் தொங்கிய டின் ஒன்றை நேராக்கினாள்.

"நான் கப்பலேறுறப்ப அந்த மனுசன் என் தகரப் பொட்டியத் தலையில வெச்சுக்கிட்டு நாகப்பட்டணம் மட்டும் நடந்து வந்தாரு. எங்கிட்டக் குடுங்கன்னா குடுக்கல."

"காதுல விழுந்தாத்தான் தீட்டுன்னு..."

"நான் தீட்டச் சொல்லல புள்ள." கம்பியை முறுக்கினான். "நேத்து இருமலுக்குப் பாவுலு குடுத்தனுப்பணும்னு சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு நின்ன."

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எஞ்சின் எரிந்தது. சுவரில் புள்ளி புள்ளியாகப் புகை ஏறிற்று. "மெயிலு நின்னுருச்சு!" என்று பாலன் கத்தினான். அந்தக் குரலுக்குத்தான் அவள் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். கேட்டதும் வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. வாசலிலிருந்து உள்ளே போனாள், உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தாள்.

விடியுமுன் வெந்நீர் கொதித்தது. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எண்ணெய் வைத்து முடித்தாள். கடைசியாக அய்யாவு மணையில் வந்து உட்கார்ந்தான். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அவன் உச்சிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"செத்த இரு" என்றான்.

கை நின்றது.

"எண்ண வெக்கறதுக்கு முன்னால கேட்டுக்கிறேன். வேற கடுதாசி எதுவும் இருக்கா?"

பிள்ளைகள் ஓவென்று சிரித்தன. பாக்கியம், "கோழியக் கேளுங்கப்பா" என்றாள். அய்யாவு சிரிக்கவில்லை. கேலியா, கேள்வியா? குனிந்திருந்த முகம் அவளுக்குத் தெரியவில்லை. பிடரிதான் தெரிந்தது.

"இல்லீங்க" என்றாள்.

அதே வார்த்தை. முந்தாநாள் சொன்ன அதே குரல். அவளுக்கே அது கேட்டது.

விரலிடுக்கில் எண்ணெய் வழிந்து அவன் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் அதைத் துடைக்காமல், தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து காட்டினான்.